சர்க்கரைக் கிட்டங்கியில் சாம்பல்

ரத்னாவை என்கூட அனுப்பிவச்சிரு. அவ்வளவுதான், சொல்ல ஒரு மூச்சு போதும், ஆனால் சிவகாசியில் பெட்டி கட்டும்போதே தங்கபுஷ்பம் தொண்டைக்குள் எடுத்து வைத்துக்கொண்ட அந்த ஒற்றை வாக்கியம், விமானம் ஏறி, கடல் தாண்டி, ஜாவாத் தீவில் இந்த மலையடி ஊருக்கு வந்து சேர்ந்து, இத்தனை நாளும் வுலான் கையால் சோறு வாங்கித் தின்ற பிறகும், வெளியே வரமாட்டேன் என்கிறது. நாளைக்கு விடிந்தால் கிளம்பவேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு போனில்தான் சொல்லவேண்டும், போனில் சொல்லுகிற பேச்சா இது, ஒரு தாயிடம் பிள்ளையைக் கேட்கிற பேச்சு. இந்த அறை முடியட்டும், அடுத்த அறைக்குப் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள். பிள்ளைகளுக்கு முன்னால் பழுப்புச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக வுலான், தம்பி காளிராஜின் மனைவி. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் தம்பி போய்விட்டான், இனியும் தம்பி மனைவி என்றுதான் சொல்லவேண்டுமா, வேறெப்படிச் சொல்வது, அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, அந்த வார்த்தையை இந்தச் சின்ன முகத்தின்மேல் வைக்க மனசு வரவில்லை. வுலான் தன் பாஷையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், இவளுக்கு வரும் வழியிலேயே தமிழில் சொல்லிவிட்டிருந்தாள். டச்சுக்காரன் ஆண்டபோது இது சர்க்கரை ஆலையின் கிட்டங்கியாம். அவன் காலத்தில்தான் மலை வெடித்து, மேட்டில் இருந்த ஊரை ஒரே காலைப்பொழுதில் மூடிவிட்டது. ஆலை போய், மூட்டைகள் போய், அந்த ஊரிலிருந்து தோண்டியெடுத்த சாமான்களைக் கொண்டுவந்து இங்கே காட்சிக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவது வுலானின் வேலை. சாம்பலைப் பார்க்க வந்த இடத்தில் சுவர் இன்னமும் பாகு மணக்கிறது. அல்லது மணக்கிறதாக அவளுக்குத் தோன்றுகிறது, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அந்த வாக்கியம் இட்லித்துண்டு மாதிரி நெஞ்சில் நிற்கும்போது எதைச் சாப்பிட.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சைக்கிள் வெற்றிலைக்கொடி மாதிரி வளைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப்போன மருந்துக் குப்பிகள், கரியாகியும் உருவம் மாறாத ஒரு கை அரிசி, அம்மி. அம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மலையிலிருந்தே வந்த கல்தானே, தன் வீட்டுப் பிள்ளையை அதுவே என்ன செய்யும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்குக் கூச்சமும் வந்தது. சுவரில் பெரிதாக்கி மாட்டியிருந்த படத்தில், தப்பித்து வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடி, புருவம், இமை, காதுமடல் எல்லாம் சாம்பல். கண் மட்டும் ஈரமாக இருந்தது. இப்படி ஒரு முகத்தை அவள் தினமும் பார்த்திருக்கிறாள், சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது. அப்பா பயராபீஸில் மருந்து கலக்கிறவர். பட்டாசுத் தொழிற்சாலையை ஊரில் யார் தொழிற்சாலை என்று சொன்னார்கள், பயராபீஸ்தான். அலுமினியப் பவுடர் உடம்பெல்லாம் ஒட்டி, வெள்ளி வார்த்த சிலை மாதிரி வந்து நிற்பார். காளி ஓடிப்போய் அப்பா காலைக் கட்டிக்கொண்டு தன் கன்னத்திலும் வெள்ளி பூசிக்கொள்வான், அம்மா வையும்போது அப்பா, விடுடி, புள்ளைக்கு ஓசியில நகை என்பார். அந்த அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது, பயராபீஸ் வெடித்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் வாழையிலைக்குள். இலையைத்தான் பார்த்தாள். பச்சை இலை, அதன் நரம்பு, நரம்பில் நின்ற தண்ணீர்ச் சொட்டு. இலையை விலக்கிக் காட்டவேண்டாம் என்று யாரோ சொன்னார்கள், காட்டியிருந்தால் அந்த முகம்தான் நின்றிருக்கும், காட்டாததால் வெள்ளி முகம் நின்றது, அதற்குப் புண்ணியவான் யாரோ. அம்மா மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே, சூடா இருக்குமே, யாராச்சும் விசிறுங்களேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கால் வலிக்குதா? உக்காரு லா."

வுலான் கூட்டத்தை விட்டு வந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அவள் பேசும் தமிழ் மலேசியாவில், ஜோகூரில் கற்றது, அந்த 'லா'வும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். அங்கே ஒரு அச்சகத்தில் காளி மெஷின் ஓட்டினான், இவள் தாள் மடித்தாள், மடித்துக்கொண்டே அவன் பேச்சையெல்லாம் பொறுக்கி எடுத்திருக்கிறாள். வந்த புதிதில் 'வா, உக்காரு, சாப்பிடு' என்று நீ போட்டுப் பேசியது தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது, புருசனின் அக்காளை எந்த ஊரில் நீ என்பார்கள். பிறகுதான் புரிந்தது. காளி தன் அக்காவிடம் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு இவள் படித்த பாடம் அது. வா, போ, நீ, என்ன சாப்பிட்ட, ஏன் இன்னும் தூங்கல. தம்பியின் மூச்சுவிடுகிற இடைவெளிகூட அந்தப் பேச்சில் அப்படியே இருந்தது. அதனாலேயே இவள் வாய்திறக்கும்போதெல்லாம் தங்கபுஷ்பம் தம்பிதான் என்று ஒருகணம் திரும்பிப் பார்த்தாள். இப்போது கேட்டுவிடலாமா, பக்கத்தில் யாரும் இல்லை. ரத்னாவை. ஆனால் ரத்னாவே அங்கே வந்து அம்மாவின் சட்டைநுனியைப் பிடித்தாள், ஐந்து வயசு, காளியின் நெற்றி, அவனுடைய அதே கோணல் சுழி. அவளுடைய பாலர் பள்ளிக்கு மட்டும் இன்றைக்கு விடுமுறை. வுலான் குனிந்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினாள், வாக்கியம் மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அப்படியென்ன கெட்டதைக் கேட்கப்போகிறேன் என்று தங்கபுஷ்பம் தனக்குள் வாதாடிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் இருக்கிறது மலை, உச்சியில் எப்போதும் ஒரு புகை, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு மறந்துபோன வீடு மாதிரி. இந்த ஊர்க்காரர்கள் அதைப் பேர் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்கிறார்கள், பெரியவர் இன்னைக்கு நல்லா தூங்குறாரு என்கிறார்கள். அது வெடித்தால் கீழே உருண்டு வரும் சூட்டு மேகத்துக்குச் செம்மறி ஆடு என்று பேராம், சுருள் சுருளாக முட்டிக்கொண்டு வருமாம், எந்தக் குதிரையாலும் முந்த முடியாதாம். இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றைப் பொம்பளை, கையில் ஒரு பிள்ளை. அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், காலண்டர் ஆபீஸ் வேலை, சொந்த வீடு, அம்மாவும் போனபிறகு இரண்டு அறையிலும் மாறி மாறி நான் ஒருத்தியே படுத்து எழும் வீடு. பிள்ளையைப் படிக்கவைக்க மாட்டேனா, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மாட்டேனா. ஆனால் அங்கே மட்டும் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சிவகாசியில் டமாரென்று சத்தம் கேட்டால் நீ என்ன செய்வாய், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்க்கமாட்டாயா, கிழக்கா மேற்கா என்று தெரிந்தபிறகுதானே அடுத்த மூச்சை விடுவாய். அந்தக் குரலை அவள் அதட்டி உட்காரவைத்தாள். அது வேறு. அது எப்படி வேறு என்று அதற்கு மேல் போகவில்லை, அங்கே ஒரு முள் இருக்கிறது, அதில் முந்தானை மாட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மாட்டிக்கொண்டது. ஏனென்றால் இதே பேச்சை, இதே நியாயத்தோடு, இதே அன்போடு ஒருத்தர் முன்பு பேசியிருக்கிறார். அப்பாவின் பதினாறு முடிந்த கையோடு மதுரையிலிருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன், புதுமண்டபம் பக்கம் சின்னதாக அச்சாபீஸ் வைத்திருந்தவர். நல்ல மனுஷர். காபி டம்ளரைக் கையில் வைத்துக் குடிக்காமல் உருட்டிக்கொண்டே பேசினார். தங்கச்சி, இந்தக் கந்தகக் காட்டுல பயலை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற, நாளைக்கு அவனும் அங்கதான் போய் நிப்பான், என்கூட அனுப்பிவை, என் புள்ளைகளோட ஒண்ணா வளரட்டும். பொட்டப்பிள்ளையைக் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்றார். அம்மா காளியின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள், அதுதான் பதில். காளிக்கு ஆறு வயசு. பஸ் ஸ்டாண்டுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது தங்கபுஷ்பம்தான், அவளுக்கே பதினொன்று. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவன் அழவில்லை, எல்லாரும் பார், சிங்கக்குட்டி அழவே இல்லை என்றார்கள். பஸ் நகர்ந்தபோது, நீ எந்த பஸ்ல வருவ என்று மட்டும் கேட்டான். அடுத்த பஸ்ல என்றாள் இவள். என்னவோ வாயில் வந்ததைச் சொன்னாள். பிறகு அவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தான், விருந்தாளிக்குப் போடுகிற பாயில் படுத்தான், தண்ணி வேண்டுமென்றால், அக்கா, தண்ணி எடுத்துக்கிடட்டுமா என்று கேட்டான், சொந்த வீட்டில் கேட்டான். மாமா வீட்டில் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை, அச்சுத் தொழிலைப் படித்தான், மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஜோகூர், அங்கிருந்து இந்த மலைக்குக் கீழே. ஒருதரம் கிளம்பின பிள்ளைக்கு நிற்கிற இடம் தெரியவில்லை போல, அல்லது எங்கே நின்றாலும் ஒன்றுதான் போல. கந்தகக் காட்டிலேயே கிடந்த இவளுக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. காப்பாற்றி அனுப்பிவைத்த பிள்ளையை எங்கேயோ ஒரு கொசு கடித்துக் கொண்டுபோயிற்று.

கூட்டம் ஒரு இருட்டு அறைக்குள் நுழைந்தது, அவளும் இழுபட்டு நுழைந்துவிட்டாள். கதவு சாத்தியதும் தரை உறுமியது. நிஜ உறுமல் இல்லை, பெட்டியிலிருந்து வரும் சத்தம், பலகைத் தரைக்கடியில் ஏதோ மோட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறார்கள், எல்லாம் தெரிகிறது, ஆனால் கால்களுக்குத் தெரியவில்லை. உள்ளங்கால் வழியாக அது முழங்காலுக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, அவள் வாய் தானாக, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்றது. மொட்டைமாடி இல்லை. வானம் இல்லை. ஒரு சிவப்பு வெளிச்சம் சுவரில் வழிந்து இறங்கியது. பக்கத்தில் ஏதோ சின்ன உடம்பு உரசியது, ரத்னாவாக இருக்கவேண்டும், இவள் இரண்டு கையாலும் அதை வாரி இடுப்போடு இறுக்கிக்கொண்டாள், பிள்ளை மூச்சுத்திணறி நெளிந்தது, அப்போதும் விடவில்லை. விளக்கு எரிந்தது. பிடியில் இருந்தது ரத்னா இல்லை, யாரோ ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தை, மிரண்டு விழித்தது. ரத்னா தூரத்தில், அம்மாவின் முழங்காலில் சாய்ந்தபடி, சாவகாசமாக நகம் கடித்துக்கொண்டு நின்றாள், நூறுதரம் பார்த்த சினிமாவைப் பார்க்கிறவள் மாதிரி. பயமே இல்லாத அந்த நிற்பைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். பிள்ளையின் முதுகு தாயின் காலில் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்க இவளுக்குப் பாஷை தெரியாது, கன்னத்தைத் தடவிவிட்டாள், அது ஓடிவிட்டது.

கடைசி அறையில் சடை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கி ஏதோ கேட்டாள். வுலான் பதில் சொன்னதும் கூட்டமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தங்கபுஷ்பம் கண்ணால் கேட்க, வுலான் திரும்பினாள்.

"எல்லாம் எரிஞ்சி போச்சு, மிச்ச ஆளு ஏன் திரும்பி வந்துச்சின்னு கேக்குது. நான் சொன்னேன், சூடு ஆறினப்புறம் இந்த மண்ணுல மிளகா ரொம்ப நல்லா காய்ச்சிச்சு. அதான் வந்தாங்க. என் பாட்டனும் அப்படித்தான் வந்தாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் லா. வேற என்ன?"

பிள்ளைகளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு வுலான் முற்றத்துக்கு வந்தாள். கரும்பு நிறுக்கும் பழைய மேடைக்குப் பக்கத்தில் பலகை போட்டிருந்தது, இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ரத்னா தள்ளி, சரளைக்கல்லைக் குவித்து விளையாடினாள். மேகம் விலகி மலை முழுசாக நின்றது. இப்போது சொல்லவேண்டும், இதை விட்டால் இல்லை என்று தங்கபுஷ்பம் டம்ளரை உருட்டினாள், உருட்டுகிறோம் என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டாள். வுலான்தான் முதலில் பேசினாள்.

"அக்கா. ரத்னா துணி எல்லாம் பெட்டில வச்சிட்டேன். நேத்தே."

தங்கபுஷ்பத்துக்குப் புரியவில்லை. எங்கே போகிறார்கள் என்று கேட்டாள்.

"உன்கூட. நீ அதுக்குத்தானே வந்த? கேக்க முடியாம கஷ்டப்படுற, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நானும் சொல்ல முடியாம கஷ்டப்படுறேன்." வுலான் மலையைப் பார்த்தபடியே பேசினாள். அவள் முகம், கழுவிவைத்த தட்டு மாதிரி, ஒன்றுமில்லாமல் இருந்தது. "காளி சொல்லிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரில, காய்ச்சல் ரொம்ப ஏறினப்ப. ராத்திரி பகல் அதே பேச்சு. மாமா, அக்காகிட்ட அனுப்பு. மாமா, அக்காகிட்ட அனுப்பு. நான் சரின்னு சொன்னேன் அக்கா. அவன் கையப் புடிச்சு, சரி, அனுப்புறேன்னு சொன்னேன். அப்புறம்தான் தூங்கிச்சு."

கிடைத்துவிட்டது. கேட்காமலே கிடைத்துவிட்டது. தம்பி தன் வாயால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், பெட்டி கட்டியாயிற்று, பெற்றவளே சம்மதித்துவிட்டாள், இனி யார் குறை சொல்ல முடியும் என்று ஒரு கணம் தங்கபுஷ்பத்தின் மார்பு விரிந்தது, இரண்டு அறை வீட்டில் ஒரு சின்னச் செருப்பு வாசலில் கிடந்தது, கொடியில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்தது. பிறகு அந்த வார்த்தை காதில் உறுத்தியது. மாமா? எந்த மாமாவை? அதே நேரம் சரளைக் குவியல் சரிந்து, ரத்னா தலை தூக்கி, "மாமா! மாமா!" என்று கூப்பிட்டாள், வுலான் "ம்" என்று திரும்பினாள். இவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மா. வந்த நாளிலிருந்து இந்தக் குழந்தை இப்படித்தான் கூப்பிடுகிறது, பிள்ளையைப் பெற்றவளைப் புருசனும் அப்படியே கூப்பிடுவது இங்கே வழக்கம் என்று வுலானே முதல் நாள் சொல்லிச் சிரித்தாள்.

"அவன் உன்னை மாமான்னு கூப்பிடுவானா?"

"இல்ல. வுலான்னுதான் சொல்லும். ஆஸ்பத்திரிலதான் அப்படிக் கூப்பிட்டிச்சு. புள்ளைய நெனச்சி கூப்பிடுதுன்னு..."

மதுரை அச்சாபீஸ் மாடியில், மாமாவின் வேட்டிநுனியைப் பிடித்துக்கொண்டு, ஆறு வயசில் ஒருதரமும் வாய்விட்டுச் சொல்லாததை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கத் தெரியாத அந்தப் பிள்ளை காய்ச்சல் மூளையைப் பொசுக்கியபோது சொல்லியிருக்கிறான். அக்காகிட்ட அனுப்பு. யாரை அனுப்ப? அவன் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. இவள் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உலகத்தில் இந்த இரண்டு மாமாக்களையும் அறிந்தவள் இவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் போதும், நாளைக்கு விமானத்தில் பக்கத்து இருக்கையில் அந்தக் கோணல் சுழி உட்கார்ந்திருக்கும், அழாமல், சிங்கக்குட்டி மாதிரி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"வுலான், அது உன்னையில்லம்மா" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. "எங்க ஊர்ல மாமான்னா அம்மாவோட அண்ணன். இவனை மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் வளர்த்தாரே, அவரு. அவரைத்தான் கூப்பிட்டிருக்கான். தன்னை அனுப்பச் சொல்லியிருக்கான். சின்னப்பிள்ளையா இருக்கையில. ரத்னாவை அவன் யார்கிட்டயும் அனுப்பச் சொல்லல."

வுலான் இரண்டு பாஷைக்கு நடுவில் எங்கேயோ அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு அந்தக் கழுவிய முகம் வாயோரத்தில் தொடங்கி மெல்ல நொறுங்கியது. இரண்டு கையாலும் தங்கபுஷ்பத்தின் கையைப் பற்றி அதில் நெற்றியை வைத்து அழுதாள், சத்தம் வராமல், முதுகு மட்டும் குலுங்க. புருசன் போனபோது வராத அழுகையோ, நேற்றுப் பெட்டி கட்டும்போது அடக்கினதோ, யார் கண்டது. தங்கபுஷ்பமும் அழுதாள். அவளுக்கு அழ இருந்தது வேறு. அடுத்த பஸ் என்று சொன்ன வாய்க்காக அழுதாள், அந்த பஸ்ஸுக்காக எத்தனையோ வருசம் ஜன்னலோரமே காத்திருந்தவனுக்காக அழுதாள்.

"அப்ப ரத்னா?" என்றாள் வுலான், தலை தூக்காமல்.

"அவ எங்கயும் போகல. லீவுக்குக் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் வாங்க. வந்து இருந்துட்டு, ரெண்டு பேரும் இங்கயே திரும்பி வாங்க."

உள்ளே மணி அடித்தது, அடுத்த கூட்டத்துக்கான மணி. வுலான் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள். யாரோ உள்ளிருந்து கூப்பிட்டதற்கு, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஆறு வயசு காளி எப்படி இருக்கும் அக்கா? எனக்கு அந்தக் காளி தெரியாது. என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. சொல்லு."

எங்கே தொடங்குவது என்று தங்கபுஷ்பம் யோசித்தாள். ரத்னா ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு, மண்கையை அத்தையின் புடவையில் துடைத்தாள். மதுரைக்குப் போகிறதுக்கு முந்தி அவன் பயங்கர வாயாடி என்று தங்கபுஷ்பம் ஆரம்பித்தாள், வுலானுக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக.